எச்சரிக்கத் தவறிய என் வரி

அனீபா நானாவின் கணினியில் இருந்த கல்யாணப் படங்களை அழித்தது நான்தான். விசையை அழுத்தியது அவர். அழுத்த வைத்தது என் தமிழ்!

சொல்கிறேன், கேளுங்கள். பாலையூற்றில் என் வீட்டிலிருந்தபடி, கணினிக்கான ஓர் இலவச இயங்குதளத்தை ஊதியமின்றித் தமிழாக்கி வருகிறேன். அதை நிறுவும்போது பழையவை அழியும் என்று எச்சரிக்கும் வரியும் என்னுடையதே. “இந்நடவடிக்கை வட்டின் முன்னைய உள்ளடக்கத்தை இல்லாதாக்கும். தொடர விழைகிறீர்களா?” பயனரைப் பயமுறுத்தக் கூடாதாம்... என்ன பண்பு! எழுதிவிட்டு வாய்விட்டுப் படித்து ரசித்தேன்.

மூதூரில் ஸ்டூடியோ வைத்திருக்கும் நானாவுக்கு அந்த இயங்குதளத்தைச் சிபாரிசு செய்தவனும் நானே. அவர் தாமாகவே நிறுவினார். நான் போய்ப் பார்த்தபோது கதிரையில் தலையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

“என்னமோ கேட்டிச்சு தம்பி. அரசாங்கக் கச்சேரிக் கடிதம் மாதிரி இருந்திச்சு. வழமையாக் கேக்கிறதுதானே எண்டு ஓம் எண்டு அமத்திட்டன்.”

ஊரார் எத்தனை பேரின் நிக்காஹ் படங்கள்... ஒன்றுக்கும் பிரதி இல்லை. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

“கணினியில ஏதோ பிழை, நானா.”

கோழை!

வீட்டுக்கு வந்ததும் வரியை மாற்றினேன். “உங்கள் படங்கள், கடிதங்கள் எல்லாம் அழிந்துவிடும். திரும்ப எடுக்கவே முடியாது. வேறிடத்தில் பிரதி வைத்திருக்கிறீர்களா?” மொழிபெயர்ப்புக் குழுவினர் கொதித்தார்கள். மிரட்டுகிறதாம், நயமில்லையாம்! நான் விடவில்லை. மாதக்கணக்கில் மல்லுக்கட்டி வென்றேன்!

போன கிழமை நானா தொலைபேசியில் கூப்பிட்டார். அவருடைய மகள் தன் மடிக்கணினியில் அதே இயங்குதளத்தை நிறுவப் போனாளாம். என் புதிய வரியைப் படித்ததும் பதறிக் கையை எடுத்துவிட்டாளாம். அவளுடைய குழந்தையின் படங்கள் அத்தனையும் தப்பின! எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அடுத்த பஸ்ஸில் மூதூருக்கு ஓடினேன்.

“அந்த வரியை எழுதினது நான்தான், நானா!”

கட்டிப் பிடித்துக்கொண்டார். உள்ளேயிருந்து இனிப்பான வட்டிலப்பம் வரவழைத்தார். என் வாழ்நாளில் அப்படியொரு பெருமிதத்தை நான் அறிந்ததில்லை.

“அப்ப என்ட படங்கள் போனது கணினிப் பிழையால இல்ல, அந்தப் பழைய வரியாலதான். அத முந்தி எழுதினவன் ஆரெண்டு தெரியுமா தம்பி? அவன் மட்டும் என்ட கையில கிடைக்கட்டும்!”

சொல்லியிருக்கலாம்... ஏன் சொல்லவில்லை? அந்த வெற்றியில் ஒரு துளியைக்கூட இழக்க எனக்கு மனம் வரவில்லை!

“தெரியாது நானா,” என்றேன்.

இன்னொரு துண்டு வைத்தார். அதையும் சாப்பிட்டேன்.