செல்லாத ஓட்டுக்கு ஒரு பேராசிரியர்

பெரியவள் கல்லூரியில் அரசியல் பாடம் எடுத்துப் படிக்கப் போகிறேன் என்று சொன்னதும் சின்னவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மேடையில கத்தறதுக்கு ஒரு படிப்பா நைனா?" என்று என்னைக் கேட்டான். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஆனாலும் அந்தப் பாடத்தைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அதைச் சொல்லிக்கொடுக்கிற பேராசிரியர்கள் நான்கு பேரை ஒரு வாரம் ஜீப்பில் உட்காரவைத்து ஓட்டியிருக்கிறேன். நம் கொல்லைக் கிணற்றில் இன்று மோட்டார் ஓடுகிறது என்றால், அதற்கும் அவர்களில் ஒருவர்தான் காரணம். ஆகவே இரண்டு பேரும் சண்டையை நிறுத்திவிட்டு இதைப் படியுங்கள்.

அறுபதுகளின் பிற்பாதி அது. எனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. செஞ்சியில் பஞ்சாயத்து யூனியன் ஆபீசில் தற்காலிக ஜீப் டிரைவராக இருந்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் ஆபீசர் என்னைக் கூப்பிட்டார்.

"பட்டணத்திலேருந்து அரசியல் பேராசிரியருங்க வராங்கப்பா. கிராமத்துல பஞ்சாயத்து எப்படி நடக்குதுன்னு பார்க்கணுமாம். சனிக்கிழமை வரைக்கும் நீ அவங்களோடதான். வண்டியில கோழி இறகெல்லாம் கிடக்குது, முதல்ல அதைத் துடை."

அரசியல் பேராசிரியர் என்றால் தோளில் துண்டு, கணீரென்ற குரல், ஏறி நின்று பேச ஒரு நாற்காலி எல்லாம் வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் நின்றேன். இறங்கியவர்கள் நான்கு பேர். ஒருவருக்கும் உரக்கப் பேசவே தெரியாது போலிருந்தது.

எல்லோருக்கும் பெரியவர் துறைத் தலைவர். அவருடைய பாடம் அரசியல் சட்டம். செங்கல் கனத்துக்கு ஒரு புத்தகத்தைக் கக்கத்திலேயே வைத்திருந்தார். இரண்டாமவர் வெளிநாட்டு உறவுகள். எந்த நாட்டுக்கும் எந்த நாட்டுக்கும் என்ன மனஸ்தாபம் என்பது அவருக்கு அத்துப்படி. ஆனால் திண்டிவனத்துக்கு எந்தப் பக்கம் போக வேண்டும் என்று தெரியாது. மூன்றாவது ஒரு அம்மா. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் இருந்தவர்கள் ராஜ்யம், நீதி பற்றியெல்லாம் என்ன யோசித்தார்கள் என்பது அவருடைய பாடம். யோசனையிலேயே இருப்பார். திடீரென்று, "ஏம்பா டிரைவர், நியாயம்னா என்னன்னு நினைக்கிற?" என்பார். கியர் மாற்றுகிற நேரத்தில் இதற்கு என்ன பதில் சொல்வது?

நான்காமவர்தான் வயதில் சின்னவர். ஒல்லியாக, கழுத்துப் பித்தான் வரை போட்ட சட்டையோடு, மடியில் ஒரு தகரப் பெட்டியை வைத்துக்கொண்டு பின்சீட்டில் உட்கார்ந்திருந்தார். "சாரோட பாடம் என்னங்க?" என்று கேட்டேன்.

"செல்லாத ஓட்டு," என்றார்.

கேலி செய்கிறார் என்று நினைத்தேன். இல்லை. ஜனங்கள் போடுகிற ஓட்டு எதனால் செல்லாமல் போகிறது என்பதை மட்டும் பல வருஷமாகப் படித்துக்கொண்டிருக்கிறாராம். "செல்ற ஓட்டு?" என்றேன். "அதுக்கு வேற ஆள் இருக்காரு," என்றார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவர்களுக்குள் ஒரு கட்டுப்பாடு இருந்தது. ஒருவர் பாடத்தில் இன்னொருவர் கால் வைக்க மாட்டார். கண் டாக்டர் பல்லைப் பிடுங்காத மாதிரி. செவ்வாய்க்கிழமை மேல்சித்தாமூரில் ஒரு மளிகைக்காரர், பஞ்சாயத்துத் தலைவரை நடுவில் நீக்க முடியுமா என்று வெளிநாட்டு உறவுக்காரரிடம் கேட்டார். அவர் துறைத் தலைவரைக் கை காட்டினார். துறைத் தலைவர், "என்னுடையது நாட்டுச் சட்டம். பஞ்சாயத்துக்குத் தனிச் சட்டம் இருக்கிறது," என்று பின்னால் திரும்பினார். அம்மா வானத்தைப் பார்த்தார். ஒல்லிக்காரர் பெட்டியைப் பார்த்தார்.

"அப்ப நாலு பேர்ல யாருக்குத்தாங்க பஞ்சாயத்து தெரியும்?" என்றார் மளிகைக்காரர்.

"அவருக்குக் காய்ச்சல். வரவில்லை," என்றார் துறைத் தலைவர்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியாமல் பேனட்டைத் திறந்து எஞ்சினைப் பார்க்கிற மாதிரி நின்றுகொண்டேன்.

சிரித்தேனே தவிர, அந்த வாரம் என் மனசு சரியில்லை. சட்டைப் பையில் ஒரு காகிதம் கிடந்தது. கிணற்றுக்குக் கரண்ட் கேட்டு எழுதிய மனு. ஊருக்கு அப்போதுதான் கம்பம் நட்டுக்கொண்டு வந்தார்கள். சனிக்கிழமைக்குள் மனு கொடுத்தவர்களுக்குத்தான் இணைப்பு. அதற்குப் பிறகு ஆட்களும் கம்பியும் அடுத்த ஊருக்குப் போய்விடும், திரும்ப எப்போது வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. அந்தத் தை மாதம்தான் எங்கள் உழவு மாட்டில் ஒன்று செத்துப் போயிருந்தது. மிச்சமிருக்கும் ஒற்றை மாட்டை வைத்துத் தண்ணீர் இறைக்க முடியாது. கிணற்றில் தண்ணீர் கிடக்கிறது, எட்டடி தள்ளி மணிலாக் கடலைச் செடி வாடிக் காய்கிறது.

கிணறு இரண்டு வீட்டுக்கும் பொது. என் நைனாவுக்குப் பாதி, அவருடைய அண்ணனான பெரியப்பாவுக்குப் பாதி. மனுவில் இரண்டு பேரும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேருக்கும்தான் இரண்டு வருஷமாகப் பேச்சில்லையே!

காரணமும் ஒரு ஓட்டுதான். போன பஞ்சாயத்துத் தேர்தலில் பெரியப்பா வார்டு மெம்பருக்கு நின்றார். விளக்குச் சின்னம். ஒரே ஒரு ஓட்டில் தோற்றார். வார்டில் யார் யார் தனக்குப் போட்டார்கள் என்று அவரே விரல் விட்டுப் பார்த்தார். கணக்கில் ஒரு விரல் குறைந்தது. அந்த விரல் நைனாதான் என்று முடிவு கட்டிவிட்டார். நைனாவோ, "நான் யாருக்குப் போட்டேன்னு அவனுக்குத் தெரியாதா? கேக்கறதே தப்பு," என்று வாயை மூடிக்கொண்டார்.

மனுவை நைனாவிடம் நீட்டினேன். "பெரியவன் வெக்காம நான் மொதல்ல கை வெக்க மாட்டேன், போ," என்றார். அது அவருடைய வீம்பு என்று நினைத்தேன்.

புதன்கிழமை தொண்டூர் மலையில், முனிவர்கள் படுத்த கல் படுக்கைகளைப் பார்த்துவிட்டு எல்லோரும் நிழலில் உட்கார்ந்தார்கள். வெளிநாட்டு உறவுக்காரர் செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார். அந்தப் பேராசிரியர் அம்மா என் முகத்தைப் பார்த்து, "என்னப்பா, இன்னிக்கு ஒரு மாதிரி இருக்க?" என்றார். கொட்டிவிட்டேன்.

துறைத் தலைவர் புத்தகத்தைத் தட்டிக்கொண்டே, ஒருவரைக் கையெழுத்துப் போடச் சொல்லிக் கட்டாயப்படுத்த வழியில்லை என்றார். செய்தித்தாளுக்கு அடியிலிருந்து, "தூது அனுப்பிப் பாருங்கள்," என்று குரல் வந்தது.

"அனுப்பினேங்க. என்னையேதான். பெரிப்பா சோறு போட்டாரு. கையெழுத்து போடல."

"உங்க நைனாகிட்ட யாருக்குப் போட்டீங்கன்னு நேரா கேட்டா என்ன?" என்றார் அம்மா.

அதுவரை பேசாமலிருந்த ஒல்லிக்காரர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "கேட்கவே கூடாது! ஓட்டு ரகசியம். என் சம்சாரம் யாருக்குப் போட்டாங்கன்னு நானே இன்னிக்கு வரைக்கும் கேட்டதில்ல," என்றார். அவ்வளவுதான். நான்கு பாடமும் தீர்ந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை நம் ஊரில் ஒல்லிக்காரரின் முறை. பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் அட்டைத் தடுப்பு வைத்து, தகரப் பெட்டியைத் திறந்தார். உள்ளே மைப் பெட்டி, முத்திரைக் கட்டை, அவரே அச்சடித்த ஓட்டுச்சீட்டுகள். விளக்கு, ஏணி, தராசு, பூட்டு என்று நான்கு கட்டம். ஆள் பேர் இல்லை.

"போன தேர்தல்ல எப்படிக் குத்துனீங்களோ, அதே மாதிரி குத்திப் போடுங்க. பேர் எழுத வேணாம்," என்றார்.

சும்மா போடுகிற ஓட்டுக்கே வெள்ளை வேட்டி கட்டிக்கொண்டு வந்து வரிசையில் முதலில் நின்றார் பெரியப்பா. நைனா கடைசியில் நின்றார். நடுவில் ஊரே நின்றது. "இன்னா, இதுலயாவது ஜெயிப்பியா?" என்று யாரோ பெரியப்பாவைச் சீண்டினார்கள். "ஒன் ஓட்டு எனக்கு வேணாம், நீ ஏணியில ஏறிக்கோ," என்றார் அவர்.

எல்லோரும் போட்டு முடித்தபின் ஒல்லிக்காரர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்தார். "செல்லும். செல்லும். செல்லும்." குரலில் சோகம் ஏறிக்கொண்டே போனது. கடைசிச் சீட்டைப் பிரித்தவர் அப்படியே எழுந்து நின்றுவிட்டார்.

"செல்லாது!"

பிள்ளை பிறந்த சேதி சொல்கிறவர் மாதிரி இருந்தது அவர் முகம். சீட்டைத் தூக்கிக் காட்டினார். முத்திரை எந்தக் கட்டத்திலும் இல்லை. விளக்குக் கட்டத்துக்குக் கீழே, வெளியே, வெள்ளைக் காகிதத்தில் அழகாக ஒன்று பதிந்திருந்தது.

"இப்படி ஒண்ணு நான் பார்த்ததே இல்ல. யாருன்னு சொல்ல வேணாம். ஏன் இங்க குத்துனாங்கன்னு மட்டும்..."

"நான்தாங்க," என்றார் நைனா.

"ஐயோ பெரியவரே, சொல்லாதீங்க! ரகசியம்!"

"இதுல இன்னாங்க ரகசியம்? வெளக்குக்குத்தான் போட்டேன்."

"விளக்கு மேல குத்தலையே?"

"வெளக்கு மேல யாருனா மைய பூசுவாங்களா? தேச்சு கழுவி பொட்டு வெக்கிற வெளக்கு. அதான் பூ வெக்கிற மாதிரி அடியில வெச்சேன்."

ஒல்லிக்காரர் பேனாவைத் தேடினார். கிடைக்கவில்லை. அது அவர் காதிலேயே இருந்தது. அதற்குள் பெரியப்பா கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்துவிட்டார்.

"டேய்."

இரண்டு வருஷத்தில் அவர் நைனாவிடம் சொன்ன முதல் சொல் அது.

"அன்னிக்கும் இப்டித்தான் வெச்சியா?"

"பின்ன எப்டி வெப்பேன்? அது ஒன் வெளக்காச்சே."

பெரியப்பா தலையில் அடித்துக்கொண்டார். "அறிவு கெட்டவனே! ஒரு ஓட்டுடா! ஒரே ஓட்டுல தோத்தேன்டா! வெளக்குக்கு பூ வெக்க ஒனக்கு வேற நாளே கெடைக்கலியா?"

"அந்த ஒண்ணு செல்லுபடியாகியிருந்தாலும் சமம்தாங்க ஆகியிருக்கும்," என்றார் ஒல்லிக்காரர் மெதுவாக.

"சமமானால் சீட்டுக் குலுக்கல்," என்றார் துறைத் தலைவர்.

"நீங்க சும்மா இருங்க சாமி! நான் என் தம்பிய திட்டிக்கினு இருக்கறேன்," என்றார் பெரியப்பா.

திட்டினார். இரண்டு வருஷத்துப் பாக்கி முழுவதையும் திட்டினார். நைனா தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது. அப்புறம்தான் பார்த்தேன், நைனாவின் தோள் குலுங்கியது சிரிப்பில். அதைப் பார்த்த பெரியப்பாவுக்கும் திட்டு பாதியில் உடைந்துபோய்ச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு ஊர் சும்மா இருக்குமா?

யாரோ என் முழங்கையைத் தட்டினார்கள். அந்த அம்மா. "காகிதம்," என்று உதட்டை மட்டும் அசைத்தார்.

ஐந்து நாள் வேர்வையில் ஊறிய மனுவை எடுத்து மேசையில் விரித்தேன். பெரியப்பா என்னை ஒரு முறை முறைத்தார். "இதுக்குத்தான அன்னிக்கும் சோறு துன்ன வந்த?" என்றார். ஒல்லிக்காரரின் காதிலிருந்து அவரே பேனாவை உருவி, தன் பேரை நீட்டி எழுதினார்.

"இப்ப நீ வை," என்றார் நைனாவிடம்.

நைனாவுக்குக் கையெழுத்து வராது. கைநாட்டுதான். பெரியவர் வைத்தாயிற்று, இனி தான் வைக்கலாம் என்று கட்டை விரலை நீட்டினார். அது வீம்பல்ல, மரியாதை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆனால் பெரியப்பா அவரை நம்பவில்லை. விரலைத் தானே பிடித்து மைப் பெட்டியில் அழுத்தினார். அப்படியே கொண்டுவந்து, நைனாவின் பேருக்கு எதிரே இருந்த கட்டத்தின் மேல் நிறுத்தினார்.

"இங்க. கட்டத்துக்குள்ள. நட்ட நடுவுல. வெளிய போச்சு, விரல ஒடிச்சிடுவேன்," என்றார்.

வெளியே போகவில்லை.