இருபத்திரண்டாவது வீட்டில் நான் ஊதிய விசில்

இதை எழுத மூன்று வருஷத்துக்கும் மேல் தயங்கினேன். தயங்கினேன் என்பதைவிடப் பயந்தேன் என்று சொல்வதுதான் சரி. இரண்டு முறை மகளின் பழைய நோட்டில் ஆரம்பித்து, முதல் பக்கம் முடிவதற்குள் கிழித்துப் போட்டேன். நான் மூன்றாம் படிவத்தோடு, அதாவது ஒன்பதாம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவன். தெப்ராவில் ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர் பார்க்கிறேன். எழுத வராது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சட்டம் இருக்கிறது, யாராவது படித்து விட்டால் என்ன ஆகும் என்றும் சொல்லிக்கொண்டேன். அதெல்லாம் சாக்கு. விசில் என் வாயில் இருந்தது. அதைத்தான் எழுத முடியவில்லை.

சம்பந்தப்பட்டவர்கள் இப்போது அவர்கள் ஊரில் இருக்கிறார்கள். இனி எழுதலாம். பெயர்கள் மட்டும் வேண்டாம்.

நாங்கள் இருப்பது செடெனாக் பக்கம் ஒரு தாமான், வீடமைப்புப் பகுதி. பின்பக்கம் முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம். கோயிலின் எங்கள் வட்டாரக் குழுவான அன்பியத்தில் இருபத்தொரு வீடுகள். மாதம் ஒரு வீட்டில் கூடிச் செபிப்போம், யாருக்காவது கஷ்டம் என்றால் போய் நிற்போம். கிறிஸ்துமஸுக்கு முந்திய ஞாயிறுகளில், பாலன் இயேசுவின் சுரூபத்தைக் கூடையில் வைத்து, டிரம் அடித்துப் பாடிக்கொண்டு வீடு வீடாகப் போவோம். வீட்டுக்காரர்கள் சுரூபத்தைக் கையில் வாங்கி, உதட்டில் ஒற்றி முத்தி செய்வார்கள். கடைசி வீட்டில் எல்லாருக்கும் சாப்பாடு. கிறிஸ்துமஸ் வரைக்கும் சுரூபம் அந்த வீட்டிலேயே தங்கும். அந்தப் பாக்கியத்துக்காகக் கடைசி வீடாக இருக்க எல்லாருக்கும் ஆசை. அந்த வருஷம் எங்கள் முறை.

அன்பியத்துக்குத் தலைவி ஓய்வு பெற்ற ஒரு தாதி. இங்கே தாதியை மிஸ்ஸி என்போம், அதனால் அவர் எங்களுக்கு மிஸ்ஸி. அறுபத்தைந்து வயது இருக்கும், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒல்லியான உடம்பு, உரத்த குரல். அந்த வருஷக் கூட்டத்தில் அவர் பட்டியலை வாசித்து முடித்துவிட்டு, இருபத்திரண்டாவதாக ஒரு வீடு இருக்கிறது என்றார். எங்களுக்குப் புரியவில்லை. செம்பனை ஓரத்துக் கொங்சி என்றார். கொங்சி என்பது வெளிநாட்டு வேலையாட்கள் தங்கும் பலகைக் கொட்டகை. அங்கே இந்தோனேசியாவின் புளோரஸ் தீவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் கத்தோலிக்கர்கள். மலாய்ப் பூசைக்கு வந்து கடைசி பெஞ்சில் உட்காருவார்கள், முடிவுப் பாட்டுக்கு முன்னால் எழுந்து போய்விடுவார்கள். பெர்மிட் முடிந்தவர்கள், பெர்மிட்டே இல்லாதவர்கள் என்று எங்களுக்கெல்லாம் தெரியும். தெரியாத மாதிரி இருந்தோம்.

கூட்டத்தில் முதலில் எதிர்த்தவன் நான். எனக்கு அதில் நியாயம் இருப்பதாகவே பட்டது.

"மிஸ்ஸி, நம்ம தோட்டத்துப் பிள்ளைங்களுக்கே இன்னும் ஐசி கெடைக்கல. பொறந்தது இங்க, படிச்சது இங்க, ஒரு அடையாள கார்டு இல்ல. மொதல்ல அவங்கள பாப்போம் லா."

அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "சரி தம்பி. போன மாசம் அந்த ஐசி இல்லாத பிள்ளைக்காக ஆபீஸ் ஆபீஸா ஏறி எறங்குனது யாரு? நீங்களா, நானா?"

எல்லாரும் சிரித்தார்கள். என் மனைவியும்தான். உண்மையில் நான் நம் பிள்ளைகளுக்காகவும் ஒன்றும் செய்ததில்லை. ஒருவரைக் காட்டி இன்னொருவருக்குக் கொடுக்காமல் இருக்க அந்தப் பேச்சு வசதியாக இருந்தது, அவ்வளவுதான்.

கிறிஸ்துமஸுக்கு முந்திய கடைசி ஞாயிறு, எங்கள் வீட்டுக்கு முன்னால் கொங்சிக்குப் போவதென்று முடிவானது. மழை விட்டு நாலு மணி இருக்கும். கம்பெனியில் அனுமதி கேட்டு வாங்கிய வெள்ளை வேனை நான் ஓட்டினேன். அன்பியத்துக்கு அந்த வருஷம் ஒரே மாதிரி வெஸ்ட், சட்டைமேல் போடும் கையில்லாத கோட்டு, தைத்திருந்தோம். கருநீலம், முதுகில் வெள்ளை எழுத்து. கோயில் கார் நிறுத்துமிடத்தில் நான்தான் வண்டிகளை ஒழுங்குபடுத்துபவன் என்பதால், பளபளக்கும் பச்சைப் பட்டியும் விசிலும் எப்போதும் என் கழுத்தோடு இருக்கும். வெள்ளை வேன், கருநீல வெஸ்ட் போட்ட பத்துப் பேர், விசில். கொங்சியில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது எப்படித் தெரியும் என்று எங்களில் ஒருவருக்காவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. எங்கள் கண்ணுக்கு நாங்கள் பாட்டுக்காரர்கள்.

கொங்சிக்குப் போகிற மண்பாதை சகதியாக இருந்தது. பின்னால் இன்னொரு கார் வந்தது. அதைத் திருப்பி நிறுத்தச் சொல்லி நான் இறங்கி விசில் ஊதினேன். நீளமாக இரண்டு தடவை.

கொட்டகைக்குள் ஏதோ கவிழ்ந்த சத்தம். பின்கதவு படீரென்று அடித்தது. நாங்கள் டிரம்மைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனபோது உள்ளே ஒருவரும் இல்லை. அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. செருப்புகள் எல்லாம் அங்கேயே கிடந்தன. மிஸ்ஸிக்குத்தான் முதலில் விளங்கியது. "ஐயோ, இமிகிரேஷன் ரெய்டுன்னு நெனைச்சிட்டாங்க" என்று மெல்லச் சொன்னார்.

அப்போது பின்பக்கமிருந்து முனகல் கேட்டது. செம்பனை வரிசைகளுக்கு நடுவே பெரிய கால்வாய் ஒன்று ஓடும், இங்கே அதைப் பாரிட் என்பார்கள். அதில் இடுப்பளவு தண்ணீரில் ஒரு பெண் சாய்ந்து கிடந்தாள். முப்பது வயதுக்குள் இருக்கும். கரையில் சிக்கிக்கொண்ட கணுக்கால் போகக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது. இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கி, எட்டு மாதக் குழந்தையைப் பிடித்திருந்தாள். அவள் முகமெல்லாம் சேறு. குழந்தைமேல் ஒரு சொட்டு இல்லை.

நாங்கள் இறங்குவதற்குள் செம்பனைக்குள் இருந்து ஒருவன் திரும்பி வந்தான். தப்பி ஓடியவன்தான், அவள் புருஷன். கைகளைத் தலைமேல் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்து முழங்காலில் நின்றான். அவர்கள் ஊர் மலாயில் சொன்னான்: "துவான், என்னைக் கொண்டு போங்க. அவளால நடக்க முடியாது. குழந்தை பால் குடிக்குது. நான் ஒருத்தன் போதும்."

என்னைத்தான் அவன் துவான் என்று, அதிகாரியைக் கூப்பிடுவது போல, கூப்பிட்டான். விசில் இன்னும் என் உதட்டில் இருந்தது.

மிஸ்ஸி கூடையைக் கொண்டுவந்து அவன் முன்னால் நீட்டினார். அவன் பாலன் இயேசுவைப் பார்த்தான், எங்கள் வெஸ்ட்டைப் பார்த்தான், டிரம்மைப் பார்த்தான். அப்படியே சகதியில் உட்கார்ந்து அழுதான். பிறகு எழுந்து, எங்களை விட்டுவிட்டுப் பாரிட்டில் குதித்தான்.

மிஸ்ஸி வேலை செய்வதை அன்றைக்குத்தான் பார்த்தேன். பாட்டு ஃபைலின் கெட்டி அட்டைகளைக் காலின் இரண்டு பக்கமும் வைத்து, கூட வந்த கிறிஸ்துமஸ் தாத்தா வேஷக்காரரின் பெல்ட்டால் கட்டினார். ஆஸ்பத்திரி என்றதும் அந்தப் பெண் தலையை ஆட்டி மறுத்தாள். பெரிய ஆஸ்பத்திரியில் பாஸ்போர்ட் கேட்பார்கள். பிடிபட்டால் தடுப்பு முகாம், அவள் ஓரிடம், புருஷன் ஓரிடம். குழந்தை என்ன ஆகும் என்பதுதான் அவள் திரும்பத் திரும்பக் கேட்டது. மிஸ்ஸி ஸ்கூடாயில் தனக்குப் பழக்கமான ஒரு தனியார் டாக்டரைக் கூப்பிட்டுப் பேசினார், வேனிலேயே அவளை அங்கே கொண்டுபோனோம். எலும்பு முறிவு, கட்டுப் போட்டு ஆறு வாரம் காலை ஊன்றக் கூடாது என்றார் டாக்டர்.

ஆறு வாரம் எங்கே? கொங்சியில் கக்கூசுக்கே வழுக்குப் பலகைமேல் நடக்க வேண்டும். மிஸ்ஸியின் வீடு நாலாவது மாடி, லிஃப்ட் இல்லை. இதை எங்கள் வீட்டு வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தோம், ஏனென்றால் கடைசி வீடு எங்களுடையது, சாப்பாடு ஆறிக்கொண்டிருந்தது. வேனுக்குள் அந்தப் பெண் குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். என் வீட்டுக்கு வரட்டும் என்று ஒருவரும் சொல்லவில்லை. யாரும் கெட்டவர்கள் இல்லை. பிள்ளை குட்டிக்காரர்கள், அடைக்கலம் கொடுப்பதும் சட்டப்படி குற்றம். நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

என் மனைவி அகப்பையோடு வெளியே வந்தாள். நடந்ததைக் கேட்டாள். சுரூபக் கூடையை வாங்கி உள்ளே மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பி வந்து, அதைக் கைகாட்டினாள்.

"இவரு தங்குறதுக்கு எடம் இருக்கு, அவங்களுக்கு இல்லன்னு நான் எப்படிங்க சொல்றது? நடு ரூமத் தொறந்து விடுங்க."

அவ்வளவுதான் பேச்சு. மிஸ்ஸி என் மனைவியின் தோளைத் தொட்டார். நான் போய் நடு ரூமைத் திறந்தேன். அவளும் குழந்தையும் உள்ளே வந்தார்கள், புருஷன் கொங்சிக்குத் திரும்பினான்.

மறுநாள் ஃபாதரைப் பார்க்கப் போனேன். அவர் வேண்டாம் என்று சொல்வார், அதை வைத்து வீட்டில் பேசலாம் என்று உள்ளுக்குள் ஒரு நினைப்பு. அவர் என்னை உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார். நாட்டுக்கு வாசல் உண்டு, வாசலுக்குக் காவலும் உண்டு, அதைத் திருச்சபை தப்பு என்று சொல்வதில்லை என்றார். வழி கிடைத்ததும் அவர்கள் சட்டப்படி ஊர் திரும்ப நாம்தான் கூட நிற்க வேண்டும் என்றும் சொன்னார். பிறகு என் காலிக் கோப்பையை வாங்கி வைத்தார்.

"ஆனா விழுந்து கெடக்கிறவங்கள தூக்குறதுக்கு முன்னாடி பெர்மிட் கேக்கச் சொல்லி நமக்கு யாரும் கத்துக்குடுக்கலீங்க. ஒண்ணு மட்டும். யாரு கேட்டாலும் பொய் சொல்லாதீங்க."

எனக்கு அதுதான் கஷ்டமாகப் பட்டது. பொய் சொல்லலாம் என்றாலாவது ஒரு தைரியம் இருந்திருக்கும்.

மூன்றாவது வாரத்தில் அந்த நேரம் வந்தது. சனிக்கிழமை காலை, வாசலில் வெஸ்ட் போட்ட இரண்டு பேர். கேட்டுக்கு வெளியே வெள்ளை வேன். சொந்த வீடு, சொந்த ஐசி, இருபது வருஷமாக வரி கட்டுகிறவன், பின்கதவு எங்கே என்று என் கண் தேடியது. அந்த நிமிஷத்தில்தான் கொங்சியில் அன்றைக்கு என்ன நடந்தது என்று எனக்குத் தெரிந்தது. அதற்கு முன் தெரிந்ததெல்லாம் தெரிந்ததே இல்லை.

வந்தவர்கள் டிங்கி கொசு பரிசோதனைக்காரர்கள். ஒருவர் பூச்சட்டிகளைப் பார்த்தார். இன்னொருவர் தாளை வைத்துக்கொண்டு, வீட்டில் எத்தனை பேர் என்று மலாயில் கேட்டார். நான், மனைவி, மகள் மூன்று பேர் என்று நாக்கு நுனியில் வந்துவிட்டது. ஃபாதர் சொன்னது நினைவுக்கு வந்தது. "ஐந்து பேர்" என்றேன். அதே நேரம் நடு ரூமில் குழந்தை அழுதது. அவர் ஐந்து என்று எழுதினார். குழந்தை இருக்கிற வீடு, பாத்ரூம் வாளியை மூடி வையுங்கள் என்றார். போய்விட்டார்கள். நான் கேட்டைச் சாத்திவிட்டுப் போய் வாளியை மூடி வைத்தேன்.

அன்று மாலை விசிலை எடுத்து, உள்ளே உருளும் சின்னக் குண்டைக் கம்பியால் நெம்பி எடுத்துப் போட்டேன். குழந்தைக்குப் பல் முளைக்கிற நேரம். கடிக்கக் கொடுத்தேன்.

ஆறு வாரம் ஏழானது. அந்தப் பெண் உட்கார்ந்தபடியே வெங்காயம் உரிப்பாள், மகளின் பள்ளிச் சட்டைக்குப் பட்டன் தைப்பாள். சும்மா இருக்கச் சொன்னால் முகம் வாடும். மாலையில் செபமாலை சொல்வோம். முதல் பாதி நாங்கள் தமிழில், பிற்பாதி அவள் தன் பாஷையில். மிஸ்ஸி ஒருநாள் விட்டு ஒருநாள் பஸ் ஏறி வந்து காலைப் பார்த்தார். மற்ற இருபது வீட்டுக்காரர்களும் சும்மா இருக்கவில்லை. ஒருவர் அரிசி, ஒருவர் பால் மாவு, வாசலில் வைத்துவிட்டுப் போய்விடுவார்கள். பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா வேலிக்கு மேலே கஞ்சிச் சட்டியை நீட்டி, நோயாளிக்கு என்றார். எந்த நோயாளி என்று அவரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

கால் ஆறி அவள் கொங்சிக்குத் திரும்பினாள். அதற்கு அடுத்த வருஷம், அனுமதி இல்லாதவர்கள் தாங்களாகவே வந்து பதிந்துகொண்டு ஊர் திரும்பலாம் என்று அரசாங்கம் அறிவித்தது. மிஸ்ஸி அவர்களோடு வரிசையில் அரை நாள் நின்றார். ஆபீஸ் படிகளில் யார் கையும் பிடிக்காமல் அந்தப் பெண் ஏறியதைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் இறங்கியது.

படகுத்துறைக்கு அதே வெள்ளை வேனில் நான்தான் கொண்டுபோய் விட்டேன். குழந்தை அதற்குள் ஓட ஆரம்பித்திருந்தது. கழுத்தில் நூலில் கட்டிய விசில். ஊதினால் வெறும் காற்று வரும், அதற்கே சிரிப்பாள். அதுவரை அந்தப் பெண் விசிலைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. அன்றைக்குச் சொன்னாள்: "நீங்க அன்னிக்கு ஊதலன்னா, உங்க வீடு எங்களுக்குத் தெரிஞ்சே இருக்காது." அதை அவள் சொல்லலாம். நான் சொல்லக் கூடாது.

இதைப் படிக்கிறவர்கள் உங்கள் அன்பியத்தில், உங்கள் சாப்பாட்டு மேசையில் சொல்லுங்கள். ஆனால் நடந்தபடியே சொல்லுங்கள். என்னை நல்லவனாக்கி விடாதீர்கள். கதவைத் திறக்கச் சொன்னவள் என் மனைவி, காலைக் கட்டியவர் மிஸ்ஸி, திரும்பி வந்து முழங்காலில் நின்றவன் அவன். சட்டத்தைப் பற்றி ஃபாதர் சொன்னதையும் விடாதீர்கள், தூக்குவதைப் பற்றி அவர் சொன்னதையும் விடாதீர்கள். கேட்க நன்றாக இருக்கும் என்று ஓர் அற்புதத்தைச் சேர்க்க வேண்டாம். கேட்பவர் சங்கடப்படுவார் என்று விசிலை எடுத்துவிடவும் வேண்டாம்.