தேதி போடாத மஞ்சள் அட்டை

மங்கையர்க்கரசி மூச்சை நிறுத்தியிருக்கிறாள். காலை ஆறேமுக்கால் மணி. நந்தியாவட்டைப் புதருக்கு முன்னால் ஒரு கவிழ்த்த வாளி, வாளியின்மேல் அவள் இடது முழங்கை, கண்ணோடு ஒட்டிய கேமரா. பழைய சுடிதாரின் முழங்கால்களில் ஈர மண். சி பிளாக்கைச் சுற்றி நடை போகிறவர்கள் அந்த இடம் வந்ததும் பாதையின் எதிர் ஓரத்துக்கு ஒதுங்கி, அதைத் தாண்டிய பிறகு மறுபடி நடுவுக்கு வருகிறார்கள்.

"என்ன மேடம், இன்னும் இருக்கா அது?" என்று ஒருவர் அங்கிருந்தே கேட்கிறார்.

மூச்சு வெளியே வந்தால்தான் பதில் வரும். க்ளிக் என்று ஒரு சத்தம். பிறகு நீளமாக ஒரு பெருமூச்சு. "இருக்கு. நீங்க நிம்மதியா நடங்க. அது உங்க பின்னாடி வராது."

"கடிக்காதா?"

"உங்களையா? நக்கோ. அதுக்கும் வாய் ருசின்னு ஒண்ணு இருக்குல்ல."

அவ்வளவு பக்கத்தில் போய் எடுக்கும்போது, விடுகிற மூச்சிலேயே சிலந்தி வலை ஆடிவிடும். ஒரு மயிரிழை முன்னே பின்னே போனால் கண் மங்கிக் கால் தெளிவாக விழும். எண்பது படம் எடுத்தால் இரண்டு தேறும் என்பது அவள் கணக்கு. லென்ஸைக் கழற்றித் திருப்பி மாட்டியிருக்கிறாள். முன்பக்கம் கேமராவைப் பார்க்கிறது, பின்பக்கம் உலகத்தைப் பார்க்கிறது. இப்படி மாட்டினால் எறும்பு எருமையாகத் தெரியும். ஃப்ளாஷ் விளக்குக்கு முன்னால் அரை கிலோ தயிர் டப்பாவை வெட்டிக் கவிழ்த்திருக்கிறாள். "நேரா அடிச்சா மூஞ்சி பூரா வெள்ளையாப் போயிரும். டப்பா வழியா வந்தா வெளிச்சம் மெத்துனு விழும். அதுவும் கெட்டித் தயிர் டப்பாதான். மோர் டப்பா ஆகாது."

ஐம்பத்தாறு வயது. காஞ்சன்பாக் பக்கம் ஒரு பாதுகாப்புத் தொழிற்சாலையில், ஆய்வுப் பிரிவில், முப்பத்தொரு வருட வேலை. விரல்நகத்தளவு திருகுகளையும் வளையங்களையும் உருப்பெருக்கிக்கு அடியில் வைத்து, பிசிர் இருக்கிறதா, கீறல் இருக்கிறதா என்று பார்ப்பாள். அவை கடைசியில் எதில் போய்ச் சேர்கின்றன என்று கேட்டால், "ரயில்ல" என்பாள். ரயில் இல்லை என்பது காலனியில் எல்லோருக்கும் தெரியும். ஐம்பது வீடுகளில் பாதிக்குமேல் அந்தப் பக்கத்துத் தொழிற்சாலைகளில் வேலை பார்க்கிறவர்கள், மிச்சம் அங்கே பார்த்து ஓய்வு பெற்றவர்கள். அவள் அப்பா ராஜபாளையத்திலிருந்து ஃபிட்டராக இங்கே வந்தவர். அதனால் அவள் பேச்சில் ராஜபாளையத்துத் தமிழும் பழைய பஸ்தி உருதுவும் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கும்; வேண்டாம் என்பதற்கு இங்கே எல்லோரையும் போல அவளுக்கும் 'நக்கோ'தான். முழுப் பெயரைச் சொல்ல இங்கே யாருக்கும் நாக்கு வளையாது. பெரியவர்களுக்கு மங்கா மேடம், பிள்ளைகளுக்கு மக்டி ஆன்ட்டி. மக்டி என்றால் சிலந்தி. அவள் திரும்பிப் பார்ப்பது இரண்டாவது பெயருக்குத்தான்.

கணவர் வேதாசலம் தொட்டால் வெடிக்கிற சாமான்களோடு இருபத்தெட்டு வருடம் புழங்கியவர். குளியலறையில் ஓர் எட்டுக்கால் பூச்சியைப் பார்த்துவிட்டால், சோப்பு நுரையோடு வெளியே வந்து சோபாவின்மேல் ஏறி நிற்பார். ஏறி நின்று அக்கம்பக்கத்தைக் கூப்பிடுவார் என்று, இதே காலனியில் இருக்கிற நான் சொல்லிக்கொண்டிருந்தேன். "பெரியம்மா, கூட்டிச் சொல்லாதீங்க. ஏறினது உண்மை. கூப்பிட்டது என்னைத்தான்" என்று மங்கை திருத்திவிட்டாள். வீட்டில் அவர் போட்டிருக்கிற ஒரே சட்டம், சாப்பிடுவதற்கு முன்னால் படம் காட்டக் கூடாது, சாப்பிட்ட பிறகும் காட்டக் கூடாது.

ஊருக்கு அந்தச் சட்டம் கிடையாது. போன வருடம் லிஃப்டுக்குப் பக்கத்து அறிவிப்புப் பலகையில் ஒரு குதிக்கும் சிலந்தியின் முகத்தை ஒட்டினாள். நெற்றியில் வரிசையாக நான்கு கண்கள், நடு இரண்டும் கார் விளக்குப் போல. கீழே அவள் கையெழுத்தில்: 'உங்கள் வீட்டில் சம்பளம் வாங்காமல் கொசு பிடிப்பவர்.' யாரோ கிழித்தார்கள். அதைவிடப் பெரிதாக இன்னொன்று ஒட்டினாள். அதையும் கிழித்தார்கள். மூன்றாவதை லிஃப்டுக்கு உள்ளேயே, நிற்கிறவரின் முகத்துக்கு நேராக ஒட்டினாள். நாலாவது மாடி சாரங்கபாணி அதற்குப் பயந்து ஒரு மாதம் படியேறினார். அவருக்குச் சர்க்கரை இறங்கிவிட்டது. மங்கைக்கு ஒரு நன்றிகூட அவர் சொல்லவில்லை.

இந்த மழைக்காலத்தில்தான் விஷயம் முற்றியது. இரண்டாவது மாடி தேஜஸ்வினியின் மகள் ஸ்ரேயா ஒரு நாள் காலையில் கழுத்தில் கோடு இழுத்தாற்போலக் கொப்புளங்களோடு எழுந்தாள். ஏதோ பூச்சியின் சாறு பட்ட புண் என்று சொல்லி டாக்டர் களிம்பு எழுதிக் கொடுத்தார். எந்தப் பூச்சி என்று எழுதவில்லை. அவர் எழுதாமல் விட்ட இடத்தைக் காலனி நிரப்பிக்கொண்டது. எட்டுக்கால் பூச்சி தூங்குகிறவர்கள்மேல் மூத்திரம் பெய்தால் இப்படித்தான் வரும் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. கிளப்பியது யார் என்று எனக்குத் தெரியாது. தெரியும், அதை விடுங்கள்.

மங்கை ஒரு படத்தை எடுத்துக்கொண்டு தேஜஸ்வினி வீட்டுக்குப் போனாள். எறும்பு போல நீளமாக, கறுப்பும் ஆரஞ்சுமாக ஒரு சின்ன வண்டு. மழைக்காலத்தில் டியூப் லைட்டுக்கு வருகிறது; கழுத்தில் வந்து உட்கார்ந்ததைத் தூக்கக் கலக்கத்தில் தேய்த்துவிட்டால், அதன் சாறு பட்டுத் தோல் வெந்துபோகும். "இழுத்த கோடு மாதிரி இருக்குல்ல? உங்க பொண்ணு கையால தேய்ச்ச கோடுதான். செஞ்சவன் ஒருத்தன், கேசு இன்னொருத்தி மேல."

தேஜஸ்வினி படத்தைத் தொடாமல் பார்த்தாள். "ஆன்ட்டி, மீரு செப்பிந்தி, நீங்க சொன்னது கரெக்டே இருக்கலாம். ஆனா எனக்கு பயமா இருக்கு. எல்லாத்தையும் அடிச்சுட்டா நான் தூங்குவேன்."

அந்தப் பெண்ணைக் குறை சொல்ல மாட்டேன். ஏழு வயதுக் குழந்தையின் கழுத்தைப் பார்த்தவள் அவள்.

இரண்டு நாளில் சுற்றறிக்கை வந்தது. ஞாயிறு காலை பத்து மணிக்கு வளாகம் முழுவதும் மருந்து அடிக்கப்படும், அனைத்துச் சிலந்திகளும் அவற்றின் கூடுகளும் அகற்றப்படும். கீழே செயலாளர் சுப்பிரமணியத்தின் கையெழுத்து.

சுப்பிரமணியம் அதே ஆய்வுப் பிரிவிலிருந்து ஓய்வு பெற்றவர். பதினோரு வருடம் மங்கைக்கு மேலதிகாரி. லென்ஸுக்கு அடியில் வைத்துப் பார்க்காமல் ஒரு வாஷரைக்கூடக் கழித்துக்கட்டக் கூடாது என்பது அந்தப் பிரிவின் விதி. அதற்காக அவர் ஆட்களைக் கூடத்தின் நடுவில் நிறுத்தி வைத்துக் கத்தியதும் உண்டு. மங்கை அவர் வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"சார், புதர்ல இருக்கறவ முட்டை வச்சு இருபது நாள் ஆச்சு. தினம் ஒரே நேரத்துக்குப் படம் எடுத்துட்டு வர்றேன். குஞ்சு வெளிய வர்றத நான் இதுவரைக்கும் பார்த்ததே இல்ல. போன வருஷம் வெளிய வர்றதுக்கு முந்தின நாள் தோட்டக்காரன் புதரை வெட்டிட்டான். அந்த ஒரு புதரை மட்டும் விட்டுருங்க."

"மங்கை, கூட்டத்துல எல்லாரும் கை தூக்கியாச்சு."

"கை தூக்கினவங்கள்ல எத்தனை பேரு அதைப் பார்த்தாங்க?"

"அதைப் போய் பார்க்க வேற வேணுமாம்மா? பார்த்தாலே குமட்டுது."

"பார்த்தாதான சார் குமட்டும்? நீங்கதான் பார்க்கவே இல்லையே."

அவர் கதவைச் சாத்தவில்லை, ஆனால் கதவின்மேல் கை வைத்துக்கொண்டார். மங்கை திரும்பி வந்துவிட்டாள்.

இந்த இடத்தில் மஞ்சள் அட்டையைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர்கள் தொழிற்சாலையில் தேறிய பொருளுக்குப் பச்சை அட்டை, தேறாததற்குச் சிவப்பு. சந்தேகம் இருந்தால் மஞ்சள். மஞ்சள் அட்டை தொங்கும் பொருளை அசைக்கக் கூடாது, துடைக்கக் கூடாது; பெருக்குகிறவர்கூட அதைச் சுற்றித்தான் பெருக்குவார். கட்டியவர் வந்து பிரிக்கும்வரை பெரிய அதிகாரியானாலும் கை வைக்க முடியாது. முப்பது வருடம் இப்படிப் பழகியவர்களுக்கு அது ரத்தத்தில் ஊறிவிடும். ஒரு கல்யாணத்தில் யாரோ வைத்த மொய்க்கவரின் மஞ்சள் நுனி பாயச அண்டாவில் ஒட்டிக்கொண்டுவிட, எங்கள் காலனிக்காரர்கள் அத்தனை பேரும் பாயசம் இல்லாமலே எழுந்து வந்தார்கள். இதை நான் கூட்டிச் சொல்கிறேன் என்று நினைத்தால் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு காலை பத்து மணிக்கு மருந்து அடிக்க வந்தவன் வினய் என்ற இளைஞன். முதுகில் டப்பா, கையில் நீளக் குழாய், மூக்கில் கைக்குட்டை. ஏ பிளாக், பி பிளாக் முடித்துவிட்டு சி பிளாக்குக்கு வந்தான். பின்னாலேயே ஏழெட்டுப் பேர், எல்லோருக்கும் முன்னால் சுப்பிரமணியம். நந்தியாவட்டைக் கிளையில் மஞ்சள் அட்டை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. பழைய கல்யாணப் பத்திரிகையை வெட்டிச் செய்தது. தொழிற்சாலை அட்டையை வெளியே கொண்டுவருவது குற்றம் என்று அவளுக்குத் தெரியும். அட்டையில் பொருளின் பெயர், எண், இருக்கும் இடம், காரணம் எல்லாம் முறைப்படி எழுதியிருந்தது. காரணம் என்ற இடத்தில், 'ஆய்வு செய்யாமல் நிராகரிக்கப்பட்டது.'

பக்கத்தில் கவிழ்த்த வாளியின்மேல் மங்கை உட்கார்ந்திருந்தாள்.

"ஏ க்யா ஹை சார்? மாரூன் க்யா?" அடிக்கட்டுமா என்று கேட்டு வினய் குழாயைத் தூக்கினான்.

"நக்கோ" என்று மூன்று பேர் ஒரே குரலில் சொன்னார்கள். மூன்று பேரும் ஓய்வு பெற்ற ஆய்வாளர்கள். சொன்ன பிறகு ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சுப்பிரமணியத்துக்கு முகம் சிவந்தது. "மங்கை, இது என்ன விளையாட்டு? இது ஃபேக்டரியா?"

"விதி ஃபேக்டரிக்கு மட்டும்தானா சார்? அப்ப அங்க என்னை எதுக்குத் திட்டினீங்க?"

"அட்டை போட ஒரு முறை இருக்கு."

"முறையாத்தான் போட்டிருக்கேன். சரியில்லைன்னா நீங்களே சொல்லுங்க. நீங்க சொல்லாம யார் சொல்றது?"

அட்டையைப் படிக்க வேண்டுமென்றால் கிட்டே போக வேண்டும். அட்டைக்கு நாலு விரல் பின்னால் வலை. வலையின் நடுவில் மஞ்சளும் வெள்ளியுமாகப் பட்டை போட்ட உடம்பு, கால்களை இரண்டிரண்டாகச் சேர்த்துப் பெருக்கல் குறி போல விரித்துத் தலைகீழாக இருந்தது. சுப்பிரமணியம் கழுத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே காலை முன்னால் வைத்தார். மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார். ஒவ்வொரு வரியாக விரல் படாமல் படித்தார். கடைசி வரியில் அவர் முகம் மலர்ந்தது.

"தேதி போடல. தேதி இல்லாத அட்டை செல்லாது."

"அட, ஆமா சார்."

அவர் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பேனா இருக்கும். எடுத்தார். இடது கையால் அட்டையைப் பிடித்தார். நாள், மாதம், வருடம், பக்கத்தில் சின்னதாக ஓர் இனிஷியல், எல்லாம் நாலு நொடியில் முடிந்தது. குறையுள்ள அட்டையைப் பார்த்தால் நிரப்பிவிட்டு அப்புறம் திட்டுகிற கை அது. பேனாவை மூடும்போதுதான், தான் என்ன செய்தோம் என்று அவருக்கு உறைத்தது. அப்போது அவர் மூக்குக்கும் சிலந்திக்கும் நடுவில் ஒரு சாண்கூட இல்லை.

"இப்ப செல்லும்ல சார்?" என்றாள் மங்கை.

முப்பத்தொரு வருடம் அட்டை எழுதியவள் தேதியை மறப்பாளா என்று என்னைக் கேட்காதீர்கள். நான் கேட்டேன். "வயசாகுதுல்ல பெரியம்மா" என்றாள்.

வினய் புதரைச் சுற்றிக்கொண்டு டி பிளாக்குக்குப் போனான். மற்ற இடத்தில் இருந்ததெல்லாம் போயிற்று. மோட்டார் அறை மூலையில் அவள் ஆறு மாதமாகப் பார்த்து வந்த ஒன்று கால்களை மடக்கிக் கீழே கிடந்தது. அதையும் படம் எடுத்தாள். யாருக்கும் காட்டவில்லை. தேஜஸ்வினி அன்று இரவு நன்றாகத் தூங்கினாள் என்றும், இரண்டு நாள் கழித்து டியூப் லைட்டுக்கு அடியில் கறுப்பும் ஆரஞ்சுமாக ஒன்றைப் பார்த்துவிட்டு மங்கைக்கு அவளே போன் செய்தாள் என்றும் கேள்வி.

மருந்து அடித்த ஒன்பதாம் நாள் காலை. வானம் மூட்டமாக இருந்தது. தாய்ச் சிலந்தி முந்தின வாரமே வலையிலிருந்து காணாமல் போய்விட்டது. இலைக்கு அடியில் பழுப்பு முட்டைப்பை மட்டும் தொங்கியது, பக்கத்தில் மழையில் சாயம் போன அட்டை. மங்கை வாளியின்மேல் முழங்கையை ஊன்றியிருந்தாள். பையின் ஓரத்தில் ஊசி குத்தினாற்போல ஒரு துளை விழுந்திருந்தது. துளைக்கு வெளியே கடுகில் பாதி அளவுக்கு ஏதோ அசைந்தது. ஃப்ளாஷ் பளிச்சிட்டுப் பளிச்சிட்டு, அதன் பாட்டரி அந்த நேரம் பார்த்துத் தீர்ந்து போயிருந்தது.

சுப்பிரமணியம் வந்தார். கையில் வெள்ளைத் தாள். "மங்கை, புது சர்குலர். கமிட்டில முடிவாயிடுச்சு. இனிமே பொது இடத்துல பூச்சிகளைப் படம் எடுக்கறதுக்கு அனுமதி வாங்கணும். உன் கையில நேர்ல கொடுக்கணும்னு சொல்லிட்டாங்க."

அவள் வாங்கினாள். முழுவதும் படித்தாள், தேதி உட்பட. பிறகு தாளைத் திருப்பி, எழுதாத வெள்ளைப் பக்கம் மேலே வரும்படி அவர் கையிலேயே கொடுத்தாள். இரண்டு விரலால் அவர் மணிக்கட்டைப் பிடித்து மெல்லச் சாய்த்தாள். மூட்டத்து வெளிச்சம் தாளில் பட்டுத் திரும்பி முட்டைப்பையின்மேல் விழுந்தது. விரலை எடுத்துக்கொண்டு கேமராவுக்குக் குனிந்து, மூச்சை நிறுத்தினாள்.