டைம் கீப்பர் பாயும் பிந்திய கடிகாரமும்

ஆறு சிவப்பு எண்கள். மணிக்கு இரண்டு, நிமிஷத்துக்கு இரண்டு, நொடிக்கு இரண்டு. பின்னால், சிலேட்டு அளவில் பச்சையாக ஒரே சர்க்யூட் பலகையில் அடங்கிய ஒரு சின்னக் கணினி. எண்பதுகளில் செஞ்சி பஸ் ஸ்டாண்டில், நேரம் பார்த்து வண்டிகளை அனுப்பும் டைம் கீப்பரின் அறை ஜன்னலில் அந்தக் கடிகாரம் இருந்தது. செய்து கொடுத்தவன் நான். பாலிடெக்னிக் முடித்து ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்த எனக்கு ராக்கெட் விட்ட மாதிரி பெருமை. இன்று கைப்பேசியில் நேரம் தானாக வந்து விழுகிறது, யாரும் பெருமைப்படுவதில்லை.

அந்தக் கடிகாரம் வந்ததே சண்டையால்தான். தனியார் பஸ் ஒரு நிமிஷம் முந்தினால் வழியில் நிற்கும் கூட்டமெல்லாம் அதற்குத்தான். அதனால் ஒவ்வொரு கண்டக்டரும் தன் வசதிக்கு வாட்சைத் திருகி வைத்திருந்தார். கைகலப்பு வரை போன பிறகு, இனிமேல் கடிகாரப் பலகை காட்டுவதுதான் நேரம் என்று பஸ் முதலாளிகள் ஒப்புக்கொண்டார்கள். டைம் கீப்பர் பாய் அதை அப்படியே பிடித்துக்கொண்டார். "மொதலாளியே வந்து தள்னாலும் பலகையில மணி வராம வண்டி போவாது" என்பார்.

கோடை வந்ததும் கடிகாரம் சாயங்காலங்களில் பிந்த ஆரம்பித்தது. காலையில் ரேடியோ செய்தியைக் கேட்டு பாய் அதைத் திருத்தி வைப்பார், இருட்டுவதற்குள் மறுபடி பிந்தும். அவலூர்பேட்டை வண்டி பலகையைப் பார்த்து நிற்கும்போதே, பின்னால் வரவேண்டிய வெளியூர் பஸ் வந்து சேர்ந்து பாதிக் கூட்டத்தை அள்ளிக்கொண்டு போகும். பாய் கடிகாரத்தைத் தொடுவதை யாரோ பார்த்துச் சொல்ல, அவலூர்பேட்டை வண்டி முதலாளி பஸ் ஸ்டாண்டு நடுவில் நின்று கத்தினார். "அந்த வெளியூர் வண்டிக்காரன்கிட்ட காசு வாங்கினு என் வண்டிய நிறுத்தறியா? திருட்டுப்பயலே!" அன்றே பாயை வேலையிலிருந்து நிறுத்தினார்கள்.

பாய் நேராக என் கடைக்கு வந்தார். "வேல போனா போவுது தம்பி. திருடன்னு பேரு வாங்கினு ஊட்டுக்கு எப்பிடிப் போறது? இன்னா கோளாறுன்னு கண்டுபுடி."

பலகையைக் கழற்றிவந்து மேஜையில் ஓடவிட்டேன். புரோகிராமை வரிவரியாகப் பார்த்தேன். சிப்புகளை மாற்றினேன், பற்றவைத்த இடங்களை மறுபடி பற்றவைத்தேன். சாயங்காலமானால் பிந்தியது. தூக்கிக் கோட்டை அகழியில் போடலாமா என்று கோபம் வந்தது. பிறகு ஒரு நாள் மாலை முழுக்கக் கரண்ட் இல்லை. கடிகாரம் பேட்டரியில் ஓடியது. இரவுச் செய்தியோடு ஒப்பிட்டால் ஒரு நொடி பிசகவில்லை. கரண்ட் போனால்தான் ஒழுங்காக ஓடுகிறது!

சங்கதி இதுதான். கரண்ட் நொடிக்கு ஐம்பது முறை துடிக்கும், அதை எண்ணினால் நேரம் தவறாது என்று வெளிநாட்டுப் புத்தகம் சொன்னதை நம்பித்தான் கடிகாரத்தைச் செய்திருந்தேன். கரண்ட் போனால் மட்டும் பலகையிலேயே இருக்கும், சீராகத் துடிக்கும் கிரிஸ்டலை வைத்து எண்ணும். நம் ஊர்க் கோடையிலோ பம்புசெட்டும் விளக்குகளும் சேர்ந்து ஓடும் சாயங்காலத்தில் கரண்ட்டுக்கு மூச்சு வாங்கும், ஐம்பது வராது. ஐம்பதை எண்ணி முடிக்கக் கூடுதல் நேரமானது, நொடி நீண்டது. ஒரு வயரை வெட்டி, எப்போதும் கிரிஸ்டலையே எண்ண வைத்தால் போதும்.

கட்டரை எடுத்தேன். பாய் கையைப் பிடித்தார். "வெட்டாத. மொதல்ல அவங்க பாக்கட்டும்."

மறுநாள் மாலை டைம் கீப்பர் அறையில் கடிகாரத்தை மறுபடி மாட்டி, அந்த முதலாளியின் வாட்சையே கழற்றி வாங்கிப் பலகைக்குப் பக்கத்தில் வைத்தோம். "கரண்ட்டு எப்பிடியா நேரத்த துன்னும்? யார்கிட்ட கத வுடறீங்க?" என்று உட்கார்ந்தவர், ஒரு மணி நேரத்துக்குள் பலகை இரண்டு நிமிஷம் பின்தங்கியதைப் பார்த்தார். பிளக்கைப் பிடுங்கினேன். அடுத்த ஒரு மணி நேரத்தில் அதற்குமேல் ஒரு நொடிகூடப் பிந்தவில்லை. என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

"சரி வுடு பாய். நடந்தது நடந்துபோச்சி. நாளைக்கு வேலைக்கு வந்துடு" என்றார் முதலாளி.

பாய் பஸ் அறிவிக்கும் மைக்கை ஆன் செய்து அவர் முன்னால் நீட்டினார். "நாலு பேர் எதிர்ல தான் திருடன்னீங்க. இல்லன்னும் நாலு பேர் கேக்கறாப்பல சொல்லிடுங்க மொதலாளி."

முதலாளி மைக்கைப் பார்த்தார், வெளியே நின்ற கூட்டத்தைப் பார்த்தார். வாட்சைக் கட்டிக்கொண்டு எழுந்து போய்விட்டார். பாய் மைக்கை அணைத்தார். இன்னும் திருப்பிக் கொடுக்காமலிருந்த அறைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, "வரேன் தம்பி" என்று இறங்கினார். அதன்பின் அந்த அறைக்குள் அவர் கால் வைக்கவில்லை. எனக்கு அந்த முதலாளி மேல் இன்னும் ஆத்திரம் தீரவில்லை.

வயரை அன்றே வெட்டினேன். கடிகாரம் அதற்குப் பிறகு பிந்தவே இல்லை. புதிதாக வந்த டைம் கீப்பர், எந்த முதலாளி பக்கத்தில் நிற்கிறாரோ அவருடைய வாட்சைப் பார்த்து வண்டி விட்டார்.