பாலத்துக்கு எத்தனை நட்சத்திரம்

இங்கே பாலத்துக்கு நட்சத்திரம் போடுகிறார்கள். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். நம் சிவகங்கைப் பக்கம் பாலத்தின் மேல் பேருந்து போகும், கீழே வைகை மணலாகக் கிடக்கும், யாரும் நின்று பார்க்க மாட்டோம். ஓசூரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் தென்பெண்ணை மேல் இருக்கிற பாலத்துக்கு வண்ண விளக்குப் போட்டு, கைப்பிடிச் சுவரில் மயிலும் தாமரையும் வரைந்ததிலிருந்து, ஞாயிறு மாலையானால் பெங்களூரிலிருந்தெல்லாம் கார் வருகிறது. வந்தவர்கள் போனில் கருத்து எழுதுகிறார்கள். 'லைட்டிங் சூப்பர், ஃபேமிலியோடு வரலாம்' என்று ஐந்து நட்சத்திரம். 'ஆற்றில் நுரை, மூக்கைப் பொத்திக்கொண்டு செல்ஃபி எடுக்கவும்' என்று இரண்டு. கன்னடத்தில் ஒருவர் நீளமாக எழுதியிருந்ததை மஞ்சுவிடம் படித்துச் சொல்லச் சொன்னேன். சிரித்தான். "பாலத்தப் பத்தி ஒண்ணும் இல்லப்பா. பானிபூரி நல்லா இருக்குதாம்."

மஞ்சு என்கிற மஞ்சுநாத், ஃபேக்டரியில் எனக்குப் பக்கத்து மெஷினில் நின்றவன். ஆற்றுக்கு அக்கரைக் கிராமத்தில் நிலமும் மாடும் உள்ள குடும்பம். அப்பாவிடம் தெலுங்கு, மனைவி சாவித்ரியிடம் கன்னடம், என்னிடம் தமிழ். எட்டு வருஷத்துக்கு முன்பு நான் பையோடு வந்து நின்றபோது வாடகை வீடு பிடித்துக் கொடுத்தவன் அவன்தான். கேன்டீனில் எங்களுக்குள் ஓயாத ஒரு சண்டை உண்டு. இந்தப் பக்கத்து எருது விடும் விழாவில் கொம்பில் அலங்காரத் தட்டி கட்டி மாட்டை ஓட விடுவார்கள். பையன்கள் பாய்ந்து தட்டியைப் பறிக்கப் பார்ப்பார்கள், மாடு நிற்காமல் ஓடிக்கொண்டிருக்கும். நம்மைப்போலத் திமிலைக் கட்டிக்கொண்டு தொங்க மாட்டார்கள். "ஓட விட்டு வேடிக்கை பாக்குறதெல்லாம் ஒரு வீரமாய்யா? எங்கூரா இருந்தா அமுக்கிருப்போம்ல" என்பேன். "ஓடுற மாட்ட ஏம்பா புடிக்கணும்? அது உன்ன இன்னா பண்ணுச்சு?" என்று கேட்டுவிட்டு அவன் பாட்டுக்குச் சாப்பிடுவான். எட்டு வருஷமும் இந்த வாய்ச்சவடால் எனக்கு அலுக்கவே இல்லை.

ஒரு ஞாயிறு இக்கரையில் பக்கத்துக் கிராமத்தில் விழா. நான் பாலத்தில் நின்றிருந்தேன். மஞ்சு வீட்டுக் காளை கூட்டத்தைப் பிய்த்துக்கொண்டு பாலத்துக்கு வந்துவிட்டது. ஒரு கொம்பில் கிழிந்த தட்டி தொங்கியது. பானிபூரி வண்டி உருண்டது, பெண்கள் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு சுவரோடு ஒட்டினார்கள். மாடு யாரையும் பார்க்கவில்லை. நடுப்பாலத்தில் நேராக ஓடிவந்தது, பின்னால் மூச்சிரைக்க மஞ்சு. எனக்கு என்ன பிடித்ததோ, பாய்ந்து திமிலைக் கட்டிக்கொண்டேன்.

"வுடு பாண்டி! வூட்டுக்குப் போவுது அது! வுடு பாண்டி!"

காதில் விழவில்லை என்று போலீஸில் சொன்னேன். பொய். ஒவ்வொரு தடவையும் தெளிவாகக் கேட்டது. நம் ஊரில் ஒருவன் திமிலைப் பிடித்தால் ஊரே 'விடாதே' என்று கத்தும், அந்தச் சத்தம் என் மண்டைக்குள் இருந்தது. சுற்றிலும் இருபது போன்கள் வேறு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன. நான் விடவில்லை. உதற முடியாத மாடு வெறிகொண்டு திரும்பியது. என்னைப் பிடித்து இழுக்கக் கை நீட்டி வந்த மஞ்சுவின் விலாவுக்குக் கீழே கொம்பு இறங்கியது. தூக்கி, மயில் வரைந்த சுவரில் அடித்தது. மறுபடி குத்தியது. அப்போதும் நான் திமில் மேல்தான் இருந்தேன். அது குத்திய வேகம் என் நெஞ்சில் இடித்தது. பிறகுதான் கை கழன்றது. மாடு தன் வழியே போய்விட்டது. பிதுங்கிய குடலை என் சட்டையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில் போனோம். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் செத்துப்போனான்.

வேடிக்கை பார்க்க வந்த ஒருவர் அந்த நாற்பது நொடியைப் பாலத்துக்கான கருத்தில் போட்டார். 'சேஃப்டி இல்லை', ஒரு நட்சத்திரம். 'வெளியூர்க்காரன் பிடிக்காமல் இருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது' என்று கீழே இன்னொருவர். நியாயமான கருத்து. ஊரில் என் தம்பி அதே வீடியோவைக் கொம்பு இறங்குவதற்கு முன்பே வெட்டி, சத்தத்தை எடுத்துவிட்டு மேளத்தைச் சேர்த்து எல்லாருக்கும் அனுப்பினான். சித்தப்பா போன் பண்ணினார். "போன எடத்துலயும் நம்ம ஊரு பேரக் காப்பாத்திட்டியேப்பா!" வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டிவிட்டு வைத்தேன். அவருக்கு ஏன் என்று புரியவில்லை. பாலத்துக்கான கருத்துப் பக்கத்திலிருந்து அந்த வீடியோவை நீக்கச் சொல்லித் தினமும் புகார் எழுதினேன். கூட வேலை செய்கிறவர்களையும் எழுத வைத்தேன்.

பதினோராம் நாள் காரியத்துக்குப் போய் வாசலிலேயே நின்றேன். அவன் அப்பா என்னைக் கண்டு உள்ளே போய்விட்டார். கொட்டகையில் காளை நின்றது, சாவித்ரி அதற்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தாள்.

"விக்கலையாம்மா?" என்று கேட்டேன்.

"அது இன்னாண்ணா பண்ணும்? புடிச்சா திரும்பத்தான் செய்யும்."

செருப்பால் அடித்திருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும். வாளியைக் கீழே வைத்துவிட்டு அவளே கேட்டாள்.

"அந்த வீடியோவ எடுக்கச் சொல்லி எழுதினு இருக்கீங்களாமே?"

"அசிங்கமா இருக்கும்மா. நீ பாத்துறக் கூடாதுன்னுதான்."

"எடுக்க வெக்காதீங்கண்ணா. அவரு போனு அன்னிக்கே நொறுங்கிடுச்சு. அவரு கொரலு எனக்கு வேற எதுலயும் இல்ல."

புகாரைத் திரும்பப் பெற்றேன், மற்றவர்களையும் பெற வைத்தேன். வீடியோ அங்கேயே இருக்கிறது, தேடினால் நீங்களும் பார்க்கலாம். இந்த வருஷத் திருவிழாவில் அந்த மேளம் போட்ட படத்தைத் திரையில் காட்டப்போவதாகத் தம்பி சொல்கிறான், எனக்கு மாலை போட வேண்டுமாம். அதில் என் முகம் மட்டும்தான் இருக்கும். அக்கரை வீட்டில் சாவித்ரி படத்தைப் பார்ப்பதில்லை. கண்ணை மூடிக்கொண்டு போனைக் காதோடு வைத்துக் கேட்கிறாள். அவள் புருஷன் கடைசியாகக் கூப்பிட்ட பெயர் என்னுடையது.