மூன்று ஆர்டரும் நினைவுக்கு வந்த மத்தியானம்

செல்வி, கதிர்,

காய்ச்சல் வந்த மூன்றாம் நாள் உங்களிடமே, "யாரு வீட்டுப் பிள்ளைக?" என்று கேட்டேனாம். நீங்கள் அழுதீர்களாம். எனக்கு இரண்டுமே நினைவில்லை. இந்த நோய் வந்த வேறு வீட்டுப் பிள்ளைகளும் படிக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

மதுரை ஆஸ்பத்திரியில் மூளையழற்சி (கிருமி புகுந்து மூளை வீங்குவது) என்றார்கள். காய்ச்சல் இறங்கிய பிறகும் புதிதாகக் கேட்பது எதுவும் தங்கவில்லை. காலண்டர் கம்பெனியில் ஆர்டர் பார்ப்பவனுக்கு ஞாபகம் போனால் வேலையே போன மாதிரிதான்.

வீட்டுக்கு வந்தபின் மறுபடி காட்டப் போன அன்று நடந்ததை உங்கம்மாதான் சொன்னாள். டாக்டரம்மா மூன்று வார்த்தை சொல்லி, ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டார். வரவில்லை. காலையில் என்ன சாப்பிட்டேன்? தெரியவில்லை. காலையில் நடந்தது வேறு ஏதாவது?

"சட்டையைத் திருப்பிப் போட்டுக்கிட்டு பஸ் ஏறினேன்னு இவ விழுந்து விழுந்து சிரிச்சா" என்றேன்.

"இட்லி மறந்துபோச்சு, நான் சிரிச்சது மட்டும் நிக்குதாக்கும்!" என்றாள் உங்கம்மா.

டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹிப்போகாம்பஸ் (நடந்ததைப் பதிந்துவைக்கும் பகுதி) அடிபட்டிருக்கிறது. பக்கத்தில் அமிக்டலா (பயம், சந்தோஷத்தை உணரும் பகுதி) அவ்வளவாகக் கெடவில்லை. மனசு அசைந்தால் அது அடிபட்ட பகுதியையும் உசுப்பிப் பதிய வைக்கும் என்றார். "சிரிக்க வச்சுச் சொல்லுங்க. ஆனா பதற விடாதீங்க. பதறினா உள்ளே இருக்கிறதும் வெளியே வராது."

செல்வி, நீதான் பிடித்துக்கொண்டாய். "எல்லாத்துலயும் பெரியத்தையைக் கொண்டாந்து விடுங்கப்பா. மறக்கவே மாட்டீக." மாத்திரை, பால், கரண்ட் பில் எல்லாவற்றுக்குள்ளும் கற்பனையில் என் அக்கா புகுந்து சண்டை போட்டாள். கதிர் அவள் குரலிலேயே கத்தினான். ஏழு மாதம் இப்படி.

ஆவணியில் வேலைக்கு ஆவேனா என்று பார்க்க முதலாளி அண்ணாச்சி ஒருநாள் வரச் சொன்னார். காலையில் வாயாலேயே மூன்று ஆர்டர் சொன்னார். சாத்தூர் நகைக்கடைக்கு மயில் படம். விருதுநகர் மிளகாய் மண்டிக்கு மஞ்சள் அட்டை. வெம்பக்கோட்டை உரக்கடைக்குப் பெரிய எழுத்து.

மத்தியானம், "ஏலே, சொல்லு பாப்பம்" என்றார். பதறிவிட்டேன். ஒன்றுமே வரவில்லை.

"ஒரு நிமிசம் அண்ணாச்சி."

மை டப்பாக்கள் பக்கம் போய் நின்று மெதுவாக மூச்சு விட்டேன். காலையில் ஒவ்வொரு ஆர்டருக்குள்ளும் விட்டுவைத்த அக்கா வந்தாள். மண்டி நடுவில் மஞ்சள் சேலையில் அக்கா தும்மினாள். நகைக்கடைக்குள் மயிலை விரட்டினாள். உரக்கடையில் கண்ணாடியைத் தொலைத்துவிட்டு, எழுத்தைப் பெருசாப் போடச் சொல்லிக் கத்தினாள். சிரித்துக்கொண்டே போய் மூன்றையும் சொன்னேன்.

"நாளைக்கு எட்டு மணிக்கு வந்துரு" என்றார்.

இது பழைய தலை இல்லை, பிள்ளைகளே. சிரிப்புக் காட்டிக் கூட்டிப்போக வேண்டிய தலை. ஆஸ்பத்திரியில் படுத்திருந்த நாட்களின் நினைவு இனி எனக்குக் கிடைக்காது. நினைவில் நிற்கிற நாள் எல்லாம் முழுசாக என்னுடையது.

அன்று பஸ்ஸுக்குத் தனியாக நின்றபோது, உங்கம்மா என் சட்டைப் பையில் வைத்திருந்த சீட்டை எடுத்துப் பார்த்தேன். என் பெயர், ஊர், அவள் நம்பர். கீழே, 'இவருக்கு ஞாபகம் நிற்காது.' பேனாவை எடுத்து அந்தக் கடைசி வரியை மட்டும் அடித்தேன்.