தூணுக்குப் பக்கத்து மிஷின்

அப்டேட்டோடு வருகிற குறிப்பை முழுதாகப் படிக்கிறவர்கள் குறைவு. நான் படிப்பேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான் என்பதாலோ என்னவோ, எதிரில் எழுத்து இருந்தால் தாண்டிப் போக வருவதில்லை. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டேன்.

என்னைப் போன்றவர்கள் கூடுகிற ஒரு குழு போனில் இருக்கிறது. யாருக்கும் யார் முகமும் தெரியாது. எந்த மென்பொருளில் எந்தப் பட்டனை எங்கே ஒளித்து வைத்தார்கள், எந்த அப்டேட் போட்டால் பிரிண்டர் பேசாமல் போகும் என்றெல்லாம் நாள் முழுக்கப் பேசுவோம். ஒருவர் எழுதினார்: “அப்டேட்னா வீட்டு ஓனர் மாதிரிங்க. நாம சொன்னது ஒழுகற பைப்ப. அவரு வந்து கதவுக்குப் பெயிண்ட் அடிச்சுட்டுப் போவாரு.” தொண்ணூற்றொன்பது சதவீதத்தில் நிற்கிற அப்டேட்டைக் காங்கயம் ரோட்டு டவுன் பஸ்ஸோடு ஒப்பிட்டார் இன்னொருவர். ரெண்டும் இதோ கிளம்பிரும், இதோ கிளம்பிரும் என்றே உறுமிக்கொண்டு நிற்குமாம். மவுஸ் அசையாவிட்டால் ஆபீஸ் சாட்டில் நம் பெயருக்குப் பக்கத்துப் புள்ளி மஞ்சளாகி, ஆள் சீட்டில் இல்லை என்று காட்டிக்கொடுக்கும். அதற்காக மவுஸை டேபிள் ஃபேன் கழுத்தில் கட்டிவிட்டுச் சாப்பிடப் போன ஒருவரின் வீடியோவைப் பார்த்து நான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்திருக்கிறேன்.

வேலை பனியன் கம்பெனியில், கம்ப்யூட்டர் ரூமில். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் தையல் மிஷின்கள் ஒரே வரிசையாக நிற்கும். வரிசையின் தலைப்பில், தூணை ஒட்டிய ஓவர்லாக் மிஷினில் என் அம்மா. கைமடியாக நின்று துணி மடித்துக் கொடுத்த காலத்தில், மற்றவர்கள் சாப்பிடப் போனதும் காலியாகக் கிடந்த மிஷினில் கழிவுத் துணியை ஓட்டிப் பழகி டெய்லர் ஆனவள். அந்த ஸ்டூலில் வேறு யாராவது உட்கார்ந்தால் அம்மா ஒன்றும் சொல்ல மாட்டாள். எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்திலேயே நிற்பாள்.

தூணில் ஒரு டேப்லெட் மாட்டியிருக்கிறது. ஒரு கட்டுத் துணி தைத்து முடித்ததும் கழுத்தில் தொங்குகிற கார்டை அதில் காட்ட வேண்டும். ‘டிங்’ என்று கேட்கும். என் திரையில் அவரவர் பெயருள்ள கட்டத்தில் கணக்கு ஏறும். கட்டுக்குக் கட்டு எழுந்து தூண் வரைக்கும் வந்து போனால் கை ஓட்டம் கெட்டுவிடும் என்று அந்தப் பெண்கள் தாங்களாகவே ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். டீக்குப் பெல் அடிப்பதற்குச் சற்று முன்னால் எல்லோர் கார்டும், கூட்டமான பஸ்ஸில் டிக்கெட் காசு போவது போல, கை மாறிக் கை மாறி அம்மாவிடம் வந்து சேரும். அம்மா ஸ்டூலிலிருந்தே சாய்ந்து ஒவ்வொன்றாகக் காட்டுவாள். எழுத்துத் தெரியாது, கார்டில் இருக்கிற போட்டோதான் அடையாளம்.

“கண்டக்டரக்கா, எனக்கு நாலு கிழிங்க!” என்பாள் அடுத்த மிஷின்காரி.

“நாலு தெச்சயா அம்முணி, இல்ல பேசியே நாலாக்குனயா?”

“வேணும்னா எண்ணிப் பாருங்க.”

“எண்ணாமயா கிழிக்கப் போறேன்?” உண்மையிலேயே எட்டிப் பார்த்து எண்ணிவிட்டுத்தான் காட்டுவாள்.

இந்தக் கணக்கை வைக்கிற மென்பொருளுக்கு அப்டேட் வந்தது. “என்னமோ புதுசு வந்திருக்குதாமா, போட்டு உடுங்க தம்பி” என்றார் மேனேஜர். வழக்கம்போலக் குறிப்பைப் படித்தேன். ‘வேலை நடக்காத நேரம் இனித் தானாகவே கண்டறியப்படும். வழக்கத்துக்கு மாறான பதிவுகள் குறியிட்டுக் காட்டப்படும்.’ ரிப்பேராகி நிற்கிற மிஷினைச் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம், நல்லதுதான் என்று நினைத்துப் போட்டேன்.

மறுநாள் காலை அம்மாவின் வரிசை முழுக்கச் சிவப்பாக இருந்தது. கண்ணாடிக்கு அப்பால் எல்லா மிஷினும் ஓடிக்கொண்டிருந்தன. ஒருவரும் தலை நிமிரவில்லை. திரையில் ஒருவரும் வேலை செய்யவில்லை; கார்டு காட்டாத நேரமெல்லாம் அதன் கணக்கில் வேலை நடக்காத நேரம். டீ நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் எல்லாக் கட்டமும் ஒன்றன்பின் ஒன்றாகப் பச்சையாயின. அம்மாவின் கட்டத்தின் மேல் மட்டும் மஞ்சள் முக்கோணம் ஒன்று வந்து உட்கார்ந்தது. தொட்டேன்: ‘இந்தக் கார்டை ஒட்டியே மற்றக் கார்டுகளும் காட்டப்படுகின்றன. பிறருக்காகப் பதிவு செய்கிறார், சந்தேகம்.’

மேனேஜர் என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றார். அந்த வழக்கத்தைப் பற்றி அவரிடம் சொல்ல ஆரம்பித்தேன்.

“எனக்குத் தெரியாதுங்களா தம்பி? தெனமும் கண்ணுல பாக்கறேன். ஆனா மொதலாளி போன்லயும் இதேதான் தெரியுது. ‘ஒரே பொம்பள எல்லாத்து கார்டயும் கையில வெச்சிருக்குது, வராத ஆளுக்கும் போட்டுருமே’ங்கறாரு. சனிக்கிழமைக்குள்ள இது தீரோணும். இல்லீன்னா உங்கம்மாவ மிஷின உட்டு எந்திரிக்கச் சொல்லோணும்.”

“அம்மா அப்படிப் பண்றவங்க இல்லீங்க.”

“அது எனக்கும் தெரியும். முக்கோணத்துக்குத் தெரியணுமே.”

பெயர்களை மறைத்துத் திரையைப் படம் எடுத்துக் குழுவில் போட்டேன். எப்படிச் சரி செய்வது என்று கேட்டேன். அது யார் வரிசை என்று எழுதவில்லை. “பிழை இல்லைங்க, புது வசதி!” என்று முதல் பதில் வந்தது. “மிஷினையும் ஃபேன்ல கட்டுங்க” என்றார் ஒருவர். சிரிக்கிற முகங்கள் வரிசையாக விழுந்தன. வேறு யாராவது கேட்டிருந்தால் நானும் அதையேதான் எழுதியிருப்பேன்.

உடுமலைப்பேட்டைக்காரர் ஒருவர் மட்டும் தனியாக எழுதினார். செட்டிங்ஸில் ‘குழுப் பதிவு’ என்று, ஒருவரே எல்லோருக்கும் கார்டு காட்ட விடுகிற வசதி ஒன்று இருக்கும், அதை ஆன் செய்தால் சிவப்பும் முக்கோணமும் போய்விடும் என்றார். தேடினேன். இருந்தது, சாம்பல் நிறத்தில், தொட முடியாமல். முதலாளியின் லாகினில்தான் அது திறக்கும்.

மேனேஜர் நல்ல மனிதர். என் எதிரிலேயே போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தார். நானே விளக்கினேன். பெண்கள் எழுந்து நடக்கிற நேரம் மிச்சமாகிறது, எண்ணிக்கையில் தவறு வந்ததில்லை, ஒரே ஒரு பட்டன்தான் என்றேன். முதலாளி கடைசி வரைக்கும் பொறுமையாகக் கேட்டார்.

“சரிங்க தம்பி. அத ஆன் பண்ணீட்டா, எவ வேல செய்யறா எவ செய்யலீன்னு எனக்கு எப்படித் தெரியும்? அப்புறம் இந்த அப்டேட்டு எதுக்குங்க?”

மேனேஜர் போனை என் பக்கம் நகர்த்துவதற்குள் முதலாளியே தொடர்ந்தார்.

“அந்தம்மா இருக்கட்டும். தூணுகிட்ட மட்டும் வேண்டாம். கடைசி மிஷினுக்கு மாத்தீருங்க. இனி அவங்கவங்க கார்ட அவங்கவங்கதான் காட்டோணும்.”

திங்கட்கிழமை அம்மா தன் கத்திரியையும் ஸ்டூலில் போட்டுக்கொள்கிற மெத்தையையும் எடுத்துக்கொண்டு வரிசையின் கோடிக்குப் போனாள். “கண்டக்டரக்கா பின்படிக்கட்டுக்குப் போயிட்டாங்க” என்றாள் அடுத்த மிஷின்காரி. யாரும் சிரிக்கவில்லை. சொன்னவளும் சிரிக்கவில்லை.

அன்று வீட்டுக்கு வந்ததும் அம்மா காலை நீட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“மிஷின் போகல இல்ல? போச்சாது உடு சாமி. ஏன் மொகத்தத் தொங்கப் போட்டுட்டு இருக்கறே?”

நான் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். குடித்துவிட்டுக் கேட்டாள்.

“ஏங் கண்ணு, உம்பட பொட்டீல நான் தெரிவனா?”

“தெரிவீங்கம்மா.”

“நடந்து நடந்து வர்றனே, அதும் தெரியுமா?”

“நடக்கறது தெரியாதும்மா. அந்நேரம் செவப்பாத்தான் இருக்கும்.”

அம்மா முழங்காலைத் தேய்த்துவிட்டுக்கொண்டாள். பிறகு, “நாளைக்கு வெரசா நடக்கறேன்” என்றாள்.

நான் குழுவில் போட்ட படத்தை யாரோ ஸ்டிக்கராக்கிவிட்டார்கள். சிவப்புக் கட்டங்களுக்குக் கீழே ‘திங்கட்கிழமை நான்’ என்று எழுதியிருந்தது. எல்லோரும் அனுப்பிக்கொள்கிறார்கள். நன்றாகத்தான் இருக்கிறது. அது என் அம்மாவின் வரிசை என்று ஒருமுறை டைப் செய்தேன். அனுப்பாமல் அழித்துவிட்டேன்.

இப்போது வேலைக்கு நடுவே கண் தானாக அந்தக் கட்டத்துக்குப் போய்விடுகிறது. இன்றைக்கும் சிவப்பானது. கண்ணாடி வழியே பார்த்தேன். அம்மா கோடியிலிருந்து வந்துகொண்டிருந்தாள், ஒரு கையில் கார்டு, மறு கையால் வழியில் இருக்கிற மிஷின்களைப் பிடித்துக்கொண்டு. மவுஸிலிருந்து கையை எடுத்துவிட்டேன். தூண் வந்தது. கார்டைக் காட்டினாள். பச்சையாகவில்லை, மறுபடியும் துடைத்துக் காட்டினாள், பச்சையானது. திரும்பி நடந்தாள். தன் ஸ்டூலில் போய் உட்காரும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

திரும்பியபோது ஆபீஸ் சாட்டில் என் பெயருக்குப் பக்கத்துப் புள்ளி மஞ்சளாகியிருந்தது. அதைப் பற்றி என்னை யாரும் கேட்கவில்லை.